விளக்குக் கண்

மஞ்சக்குப்பம், கடலூர்
8.6.2024

அருளு,

உடம்பு எப்படி இருக்கு? வேளைக்குச் சாப்புடுறியா? மடத்துக்குள்ள போன் வச்சுக்கக் கூடாதுன்னு என்னை இந்த வயசுல லெட்டர் எழுத வச்சிட்ட.

மடத்த ரிப்பேர் பண்ணப் போன இன்ஜினியர், வேலைய முடிச்சுட்டு வீடு வந்து சேரணும். நீ என்னடான்னா அங்கயே தங்கிக்கிறேன், தீட்சை வாங்கிக்கிறேன்னு எழுதுற. முப்பத்திரண்டு வயசுல காவி கட்ட உனக்கு என்னடி கொறச்சல்?

போன வாரம் உன் அத்தை பொண்ணு கனிமொழி வளைகாப்புக்குச் சிதம்பரம் வந்தப்ப உங்க மடத்துத் தெரு வழியாத்தான் நடந்தேன். தெரு நீளத்துக்குச் சுவரு, பேருக்கு ஒரு ஜன்னல் இல்ல. பொம்பளைங்கள வச்சுப் பூட்டுறதுக்குன்னே கட்டியிருக்காங்க. சுவத்துல வரிசையா எலி வளை வேற. அதக்கூட அடைக்காம நீ என்ன ரிப்பேர் பார்த்த?

பெத்தவ வந்து முதல் விளக்கு ஏத்தினாத்தான் தீட்சையாமே. நான் வரமாட்டேன். எப்படி வாங்குறன்னு பாக்குறேன்.

அப்பா நல்லா இருக்காரு. பிரஷர் மாத்திரையத்தான் போடாம ஒளிச்சு வக்கிறாரு.

அம்மா
கலைமணி


சிதம்பரம்
17.6.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நல்லா இருக்கேன். தெரு வரைக்கும் வந்துட்டுக் கதவைத் தட்டாமப் போயிட்டியே, அதுதான் வருத்தம்.

அது எலி வளை இல்லம்மா, விளக்குக் கண். சுவரு ஒண்ணரை முழக் கனம். உள்பக்கம் அகலமா ஒரு மாடம், வெளிய வர வர ஒடுங்கி, தெருப் பக்கம் நெல்லிக்காய் அளவு ஓட்டை. இங்க இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் ஒண்ணு. அந்தி சாஞ்சா அவங்கவங்க மாடத்துல அவங்கவங்க விளக்கு ஏத்தணும். தெருவுல போற சொந்தக்காரங்களுக்கு ஆளு தெரியாது, வெளிச்சம் தெரியும். நம்ம பொண்ணு நல்லா இருக்கான்னு பாத்துட்டுப் போவாங்க. நீ பகல்ல வந்திருக்க.

உள்ள மூணு முற்றம். முதலாவதுக்கு யாரு வேணா வரலாம். ரெண்டாவது ஊர்ப் பொம்பளைங்களுக்கு. வீட்டுல சண்டைன்னா வந்து படுத்துக் கெடப்பாங்க, ஏன்னு யாரும் கேக்க மாட்டோம். மூணாவது எங்களுக்கு மட்டும். அதுல சாமி செலகூட கிடையாது, தரையும் மேல ஆகாசமும்தான். ஆகாசத்தையே சாமியா கும்பிடுற நடராஜர் கோயில் பக்கத்துல இருந்துக்கிட்டு வேற எதை வைப்பாங்க?

பூட்டுறதுக்குக் கட்டினதுன்னு எழுதியிருந்த. கதவெல்லாம் நான்தான் அளந்தேன். ஒண்ணுலகூட வெளிப்பக்கம் தாழ்ப்பாள் இல்ல. நம்ம வீட்டுல என் ரூமுக்கு இருக்கு. தேவநாதன் வீட்டுலேருந்து பொண்ணு பாக்க வந்தப்ப, நான் எங்கயாவது போயிடுவேன்னு அப்பா வச்சது. அன்னிக்கு அதைப் போட்டது நீ. கோபத்துல எழுதல. அளக்கும்போது ஞாபகம் வந்துச்சு.

ஆனித் தேர் முடிஞ்சு வர்ற திங்கட்கிழமை தீட்சை. நீ வரலன்னா அடுத்த வருஷம் கூப்பிடுவேன். அதுக்கடுத்த வருஷமும் கூப்பிடுவேன். வீட்டுக்குத் திரும்பி வர்றதா மட்டும் இல்ல.

உன் மகள்
அருள்மொழி


மஞ்சக்குப்பம், கடலூர்
9.7.2024

அருளு,

உனக்குப் பதில் எழுதக் கூடாதுன்னுதான் இருந்தேன். நேத்து மனசு கேக்கல. கனிமொழியப் பாக்கப் போறேன்னு உங்க அப்பாகிட்டப் பொய் சொல்லிட்டு சிதம்பரம் பஸ் ஏறிட்டேன்.

திருவிழாக் கூட்டத்துல நுழைஞ்சு உங்க தெருவுக்கு வர்றதுக்குள்ள இருட்டிடுச்சு. சுவரு பூரா பொட்டுப் பொட்டா வெளிச்சம். கடைசில ஒண்ணு மட்டும் எரியல. எதிர்ல பூ கட்டுற அம்மாவக் கேட்டேன். "அது புதுசா சேரப்போற பொண்ணோடது. அவுங்கம்மா வந்து ஏத்தணும், வரமாட்டேங்குறாங்களாம், பாவம் அந்தப் பொண்ணு"ன்னாங்க. நான் யாருன்னு சொல்லல. ரெண்டு மொழம் பூ வாங்கிக்கிட்டு வந்துட்டேன். பஸ்ஸுல வழி பூரா அழுகைதான்டி.

காலையில உன் ரூம் தாழ்ப்பாளைக் கழட்ட உக்காந்தேன். துரு ஏறி வரமாட்டேன்னுச்சு. அப்பா கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே நின்னாரு. அப்புறம் அவரே சுத்தியல் எடுத்துட்டு வந்து பேத்து எடுத்தாரு.

திங்கக்கிழமை வர்றேன், ஏத்துறேன். மனசு ஒப்பி வர்றேன்னு நெனச்சுக்காத, இன்னும் ஒப்பல. செக்கு நல்லெண்ணெய் நானே கொண்டாறேன்.

இனிமே நெனச்சப்பல்லாம் அந்தி நேரத்துல வந்து அந்தத் தெருவுல நிப்பேன். சொல்லிட்டு வரமாட்டேன். என்னிக்காவது உன் விளக்கு எரியல, நேரா வந்து கதவை இடிப்பேன். தாழ்ப்பாள் உன் பக்கம்தான இருக்கு, நீதான் தொறக்கணும்.

அம்மா