கழுத்து வளையாமல் இருக்க

ஆவடி
9.8.1987

மதிப்பிற்குரிய ஜேம்ஸ் அண்ணனுக்கு,

நாகப்பன் சாரின் மகள் லோகநாயகி எழுதுகிறேன். மஸ்கட் கிளம்புவதற்கு முன்பு நீங்கள் எங்கள் வீட்டில் கிடாரை வைத்துவிட்டுப் போனபோது தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தேன், பேசவில்லை. அப்பாவுக்குக் கடிதம் எழுத வராது. "நீதானே பி.எஸ்ஸி., நீயே எழுது" என்று ஏர்மெயில் தாளை என்னிடம் கொடுத்துவிட்டார்.

உங்கள் பேஸ் கிடார் சௌக்கியம். வெள்ளானூரில் உங்கள் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் சூட்டில் அதன் கழுத்து வளைந்துவிடும் என்று பயந்தீர்கள். இங்கே அப்பாவின் ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் தளம் போட்ட கூரை. மர அலமாரிக்குப் பக்கத்தில் குளுமையாக நிற்கிறது. வெள்ளிக்கிழமை வீடு துடைக்கும்போது அதையும் துடைக்கிறேன். போன வாரம் அப்படித் துடைத்தபோது தடித்த கம்பியில் விரல் பட்டுவிட்டது. கிடாரின் தலை அலமாரிக் கதவில் சாய்ந்திருந்ததால் அலமாரி முழுவதும் சேர்ந்து முனகியது. உள்ளே எவர்சில்வர் டம்ளர்கள் கூட. மன்னிக்கவும்.

கம்பிகளைத் தளர்த்தி வைக்க வேண்டுமா என்று தெரிவிக்கவும்.

மரியாதையுடன்,
நா. லோகநாயகி


மஸ்கட்
2.9.1987

தங்கச்சி லோகநாயகிக்கு ஜேம்ஸ் அண்ணன் அன்போடு எழுதுவது.

உன் கடிதத்தை எங்கள் அறையில் நாலு பேர் படித்தார்கள். அதில் ஒருத்தன், "இன்னா மச்சான், எங்க ஊட்ல புள்ளைங்களப் பத்திகூட இவ்ளோ விவரமா எழுத மாட்டாங்க" என்று பொறாமைப்பட்டான்.

தொட்டதற்கெல்லாம் மன்னிப்பா? தொடாமல் விட்டால்தான் கெட்டுப்போகும். கம்பியைத் தளர்த்தாதே. கழுத்து வளையாமல் இருக்க வாரம் ஒரு நாளாவது எடுத்து வாசி. எந்தக் கம்பிக்கு என்ன சுருதி, எங்கே விரல் வைப்பது என்று பின்பக்கம் படம் போட்டிருக்கிறேன். சத்தம் மங்கிப்போனால் கம்பிகளைக் கழற்றி வெந்நீரில் பத்து நிமிஷம் கொதிக்க வை. புதுக் கம்பி மாதிரி டங்கென்று பேசும். கல்கத்தாவில் செய்த கிடார் என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

முக்கியமான விஷயம். எங்கள் மெல்லிசைக் குழுவை நடத்துகிற எத்திராஜ் மாமா வந்து கிடாரைக் கேட்பார். ஆள் தங்கம். ஆனால் அவர் கைக்குப் போன பொருள் நாலு ஊர் சுற்றிவிட்டுத்தான் வரும். கொடுக்காதே.

அன்புடன்,
ஜேம்ஸ்


ஆவடி
17.1.1988

அன்புள்ள ஜேம்ஸ் அண்ணனுக்கு,

பொங்கல் நல்லபடியாக முடிந்தது. போகி அன்று வீடே சுத்தமாகும்போது இதுவும் ஆகட்டும் என்று கம்பிகளைக் கழற்றிக் கொதிக்க வைத்தேன். அம்மா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "யாருக்குடி இந்த இடியாப்பம்?" என்றாள். அந்தப் பாத்திரத்தை இனிமேல் சமையலுக்குத் தொடமாட்டாளாம்.

நீங்கள் சொன்ன டங் வந்தது. ஆனால் கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்கு அது பிடிக்கவில்லை. பட்டறையில் தகரம் தட்டுவதுபோல் இருக்கிறது. கல்லூரியில் சோனாமீட்டரில் கம்பி கட்டி, அதன் மேல் காகிதத் துண்டை உட்காரவைத்து அளந்திருக்கிறேன். கம்பியின் ஓரத்தில் மீட்டினால் கூரான சத்தம், நடுவுக்கு நகர நகர உருண்டையான சத்தம். அதனால் கையைக் கழுத்துப் பக்கம் நகர்த்திக்கொண்டேன். அதுவும் போதவில்லை. நான் வேலை பார்க்கும் அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில் மீட்டர்களை ஸ்பாஞ்சில் பொதிந்து அனுப்புவோம். அதில் ஒரு துண்டை வெட்டி, கம்பிகள் முடியும் இடத்தில் அடியில் செருகினேன். இப்போது மழை பெய்த மண்ணில் தேங்காய் விழுவதுபோல் தும்மென்று விழுகிறது.

வாரம் ஒரு நாள் வாசிக்கச் சொன்னீர்கள். கழுத்தின் பாதுகாப்பை முன்னிட்டுத் தினமும் வாசிக்கிறேன்.

அன்புடன்,
லோகநாயகி


மஸ்கட்
10.2.1988

லோகநாயகிக்கு,

ஸ்பாஞ்சா! படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளையை வெந்நீரில் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, வாயில் துணியை அடைத்திருக்கிறாய்.

பேஸ் வாசிக்கிறவன் பாவம், அம்மா. பாடுகிறவரைப் பார்ப்பார்கள், டிரம்ஸைப் பார்ப்பார்கள். நம்மைப் பார்த்து, "இவன் எதுக்கு நிக்கிறான்?" என்பார்கள். அந்த டங் ஒன்றுதான் நாமும் இருக்கிறோம் என்று சொல்வது. அதையும் பிடுங்கிவிட்டால்? சோனாமீட்டரை எல்லாம் ஆவடியிலேயே வைத்துக்கொள்.

அது கிடக்கட்டும். தினமும் என்ன வாசிக்கிறாய்? எழுது.

அண்ணன்
ஜேம்ஸ்


ஆவடி
26.6.1988

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் தாமதமானதற்குக் காரணம் பயம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கிடாரை நான் யாரிடமும் கொடுக்கவில்லை.

எத்திராஜ் மாமா வந்தார். குமணன்சாவடியில் ஒரு கல்யாண வரவேற்பு. பேஸ் வாசிக்கப் புதிதாக ஓர் ஆளைப் பிடித்திருக்கிறார், ஆனால் அவரிடம் கிடார் இல்லை. கொடுக்கக் கூடாது என்று நீங்கள் சொன்னதை அப்பா சொன்னார். மாமா விடவில்லை. கடைசியில் கிடாரோடு நானும், என்னோடு அப்பாவும் காவலுக்குப் போவது என்று முடிவாயிற்று.

கிடார் வந்துவிட்டது, வாசிக்கிறவர் வரவில்லை. மாமா மண்டபத்து வாசலுக்கும் மேடைக்குமாக நடந்து ஓய்ந்துபோய் என் முன்னால் நின்றார். "பாப்பா, இத்த உனக்கு வாசிக்கத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன். இந்த வருடத்தில் வீட்டுக்கு வெளியே நான் சத்தமாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன்.

டிரம்ஸ் வாசிக்கும் சுலைமான் பாய்க்குப் பின்னால் இரண்டடி இடம் கிடைத்தது. அதுவரை ரேடியோவில் வரும் பாட்டுகளோடு சேர்ந்து, அலமாரியில் சாய்த்துத்தான் வாசித்திருக்கிறேன். ஆம்ப்ளிஃபயரில் செருகி முதல் கம்பியைத் தொட்டதும் காலுக்குக் கீழே பலகை பேசியது. மூன்றாவது பாட்டு முடிந்ததும் சுலைமான் பாய் திரும்பி, "தங்கச்சி, சுவத்துல சாஞ்ச மாதிரி கீது" என்றார். வீடு வரும்வரை அப்பா அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

நாமும் இருக்கிறோம் என்று ஜனங்களுக்குத் தெரிய வேண்டாமா என்ற அர்த்தத்தில் எழுதியிருந்தீர்கள். தெரிய வேண்டாம் என்பதால்தான் அண்ணா எனக்கு இது பிடித்திருக்கிறது. யாரும் என்னைப் பார்ப்பதில்லை. ஆனால் நான் நிறுத்தினால் எல்லோரும் தடுக்கி விழுவார்கள்.

இதுவரை நாலு கச்சேரி ஆகிவிட்டது. கோபம் வேண்டாம். நீங்கள் வரும்வரைக்கும்தான்.

அன்புடன்,
லோகு


மஸ்கட்
20.2.1989

அன்புத் தங்கச்சிக்கு,

கோபமில்லை என்று அப்போதே எழுதினேன், நீதான் ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறாய். எங்கள் அறையில் உன் கச்சேரிக் கணக்கை எல்லோரும் வைத்திருக்கிறார்கள். போன கடிதத்தோடு பதினொன்று.

என் காண்ட்ராக்ட் முடிந்தது. மார்ச் மாதம் ஊருக்கு வந்துவிடுகிறேன், திரும்பிப் போகிற எண்ணமில்லை. இவ்வளவு நாள் என் பொருட்டு நிறைய கஷ்டப்பட்டுவிட்டாய். வந்ததும் கிடாரை எடுத்துக்கொள்கிறேன். குழுவில் இனி நான் பார்த்துக்கொள்வதாக எத்திராஜ் மாமாவுக்கும் எழுதிவிட்டேன். நீ நிம்மதியாக இரு.

ஜேம்ஸ்


ஆவடி
27.3.1989

அன்புள்ள ஜேம்ஸ் அண்ணனுக்கு,

வெள்ளானூருக்கு சைக்கிளிலேயே வந்துவிடலாம். ஆனால் வந்தால் திரும்பவும் தண்ணீர் டம்ளரோடுதான் நிற்பேன். அதனால் தபாலில் போடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் உட்கார்ந்து, "எடுத்துக்கினு போவட்டா?" என்று கேட்டீர்கள். நான் தலையாட்டினேன். அண்ணா, அது சம்மதம் இல்லை. வாய் வராதபோது என் தலை தானாக ஆடும். சின்ன வயதிலிருந்து அப்படித்தான். அதனாலேயே எனக்குப் பிடிக்காத மூன்று தாவணிகளை உடுத்தியிருக்கிறேன்.

கிடார் உங்களுடையது. அதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை. எனக்கு வேண்டியது சுலைமான் பாய்க்குப் பின்னால் இருக்கும் அந்த இரண்டடி இடம். நீங்கள் வரும்வரைக்கும்தான் என்று எழுதினேன். எழுதும்போதே பொய் என்று தெரியும். கிடார் இல்லாவிட்டால் ஏதாவது வழி செய்துகொள்கிறேன். இடம் வேண்டும்.

கல்லூரியில் சேர்த்தது அப்பா. வேலைக்கு மனு வாங்கி வந்ததும் அவர்தான். இது வேண்டும் என்று வாழ்க்கையில் நானாக யாரிடமும் கேட்டதில்லை. உங்களிடம்தான் முதலில் கேட்கிறேன்.

முடியாது என்றால் பதில் எழுத வேண்டாம். புரிந்துகொள்வேன்.

லோகு


வெள்ளானூர்
31.3.1989

அடி பைத்தியமே,

பதில் வராவிட்டால் புரிந்துகொள்வாயாம். தபால்காரருக்குக் காய்ச்சல் வந்தால் குழு உடைந்துவிடும் போலிருக்கிறது.

உண்மையைச் சொல்கிறேன். உன் வீட்டிலிருந்து கிளம்பிய மறுநாளே ஒத்திகைக்குப் போனேன். ஆசை ஆசையாக வாசித்தேன். சுலைமான் பாய் நாலு தடவை திரும்பிப் பார்த்தார். பாட்டு முடிந்ததும் எத்திராஜ் மாமா தோளில் கைபோட்டு, "சூப்பரா வாசிக்கிறே நைனா. நம்ம பொண்ணு எப்ப வரும்?" என்றார். அன்றைக்கு உன் மேல்கூடக் கோபம் வந்தது. மறுநாள் உன் கடிதம் வந்தது.

இந்தக் கிடார் உனக்குப் பாரமாகிவிட்டது, மரியாதைக்காகச் சொல்லாமல் இருக்கிறாய் என்றுதான் நினைத்தேன். கடிதத்தில் என்னோடு அந்தச் சண்டை போடுகிறவள் நேரில் ஒரு "ஊஹூம்" சொல்லியிருக்கக் கூடாதா?

யோசித்துப் பார்த்தேன். எனக்கு நாலு பேர் பார்க்க வேண்டும், அது என் குணம். டங் டங் என்று நான் அடித்துக்கொண்டதெல்லாம் அதற்குத்தான். ரிதம் கிடார் எனக்குத் தெரியும். குழுவில் அது ஒன்று சும்மா கிடக்கிறது. நான் முன்னால் நின்று பல்லைக் காட்டுகிறேன், நீ பின்னால் நின்று எல்லோரையும் தாங்கு. பேஸ் ஞாயிறு காலை மட்டும் என்னோடு சர்ச்சுக்கு வரும். மற்ற நாளெல்லாம் உன் வீட்டில். இந்த ஞாயிறே சர்ச் முடிந்ததும் கொண்டுவந்து வைக்கிறேன். தலையாட்டாதே.

சித்திரையில் பூந்தமல்லியில் கச்சேரி. மாமா நோட்டீஸ் அடிக்கக் கொடுக்கிறார். உன் பெயரை எப்படிப் போட வேண்டும் என்று கேட்கிறார். எழுது.

ஜேம்ஸ்


ஆவடி
3.4.1989

அன்புள்ள ஜேம்ஸ் அண்ணனுக்கு,

நேற்று நீங்கள் வந்தபோது இரண்டு வார்த்தை பேசினேன் என்று அம்மா எல்லா வீட்டிலும் சொல்லிவிட்டாள். "உட்காருங்க" என்பதையும் அவள் கணக்கில் சேர்த்திருக்கிறாள்.

நோட்டீஸ் விஷயம். பெயருக்குப் பின்னால் பி.எஸ்ஸி., இயற்பியல் என்று போட வேண்டும் என்கிறார் அப்பா. பாட்டுக் கச்சேரிக்கு எதற்கு இயற்பியல் என்றேன். "கெடக்கட்டும், பத்து நோட்டீஸ் எனக்குத் தனியா வேணும், ஷிப்ட்ல கொடுக்கணும்" என்கிறார். அம்மாவுக்கு இனிஷியல் இருந்தால் போதும். இல்லாவிட்டால் வேறு யாரோ லோகநாயகி என்று ஊர் நினைத்துக்கொள்ளுமாம். இரண்டையும் போட்டுவிடச் சொல்லுங்கள்.

என் பெயரைக் கடைசியில் சின்ன எழுத்தில் போட்டால் போதும் என்று ஒரு வரி எழுதினேன். மேலே கோடு போட்டு அடித்திருக்கும் வரி அதுதான். எல்லோருக்கும் எந்த அளவோ, எனக்கும் அதே அளவில் போடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
நா. லோகநாயகி
பேஸ் கிடார்