திறக்காமல் விட்ட கண்

பெரம்பலூர்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மகள் மேகலாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நலம் என்று தொடங்குவதுதான் வழக்கம். இங்கே அப்படி இல்லாததால் அந்த வரியை எழுதவில்லை. என் நம்பரைப் பார்த்தால் நீ போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் இரண்டு பேரில் ஒருவர் பாதியில் வைத்துவிடுகிறோம். அதனால்தான் கூரியரில் கடிதம்.

அம்மாவுக்குக் காமாலை சரியாகிவிட்டது என்று உன்னிடம் சொன்னது பொய். உன் கண்காட்சி முடியும்வரை மூச்சு விடக் கூடாது என்று என்னிடமும் பக்கத்து வீட்டு லீலாவதியிடமும் சத்தியம் வாங்கியிருந்தாள். ஈரலில் கட்டி. திருச்சியில் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கு விளக்க வேண்டியதில்லை. கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில் ஜன்னலோரம் கட்டிலைப் போட்டிருக்கிறேன். லீலாவதிதான் கஞ்சி ஊட்டுகிறாள். நான் ஊட்டினால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். சத்தியத்தை மீறித்தான் எழுதுகிறேன். இனி என்னை என்ன செய்துவிடுவாள்.

இதற்கு நடுவில் இன்னொன்றையும் எழுதாவிட்டால் எனக்குக் கை ஓடாது. உன் பேச்சை லீலாவதியின் மகள் போனில் காட்டினாள். ஓவியம், புகைப்படம், களிமண், அனிமேஷன் என்று ஒன்றில் அடங்காமல் பல துறைகளில் வேலை செய்வதைப் பற்றிப் பெங்களூரில் மேடையில் பேசினாய். நன்றாகத்தான் பேசினாய். கடைசியில் ஒருவர் கேட்டதற்கு, எங்கள் வீட்டில் கலைஞர் யாரும் கிடையாது, அப்பா பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்திருந்தார் என்றாய்.

கடைதான். அந்தக் கடையில் உட்கார்ந்து போர்டு எழுதினேன். நாடகத்துக்குத் திரை வரைந்தேன். காமிரா வாங்கிக் கல்யாணங்களுக்குப் போனேன். அய்யனார் கோயிலுக்குச் சுதையில் குதிரை செய்தேன். பெயின்ட் போர்டு ஒழிந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஃபிளெக்ஸ் டிசைன் பழகினேன். எதையும் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நீ செய்தால் மேடை போடுகிறார்கள். நான் செய்தபோது, நிலையான தொழில் இல்லாதவன் என்று உன் தாய்மாமன் அய்யம்பெருமாள் பந்தியில் வைத்துச் சொன்னார். அவர் சொன்னதையும் நீ சொன்னதையும் நான் மறப்பதாக இல்லை.

படம் ஒன்றும் எடுக்காமலே செத்துப்போகிறவர்களுக்கு நான் படம் செய்து கொடுப்பது உனக்குத் தெரியும். பிணத்தை நாற்காலியில் உட்காரவைத்து எடுத்து, மூடிய கண்ணுக்கு மேல் திறந்த கண்ணை வரைந்து, கருமாதிக்குள் சட்டம் போட்டுக் கொடுத்துவிடுவேன். திருமானூர், திருமழபாடி வரைக்கும் என் படங்கள் சுவரில் தொங்குகின்றன.

அம்மா படுத்த பிறகு அவள் படம் ஒன்று தேடினேன். கண் தெரிகிற மாதிரி ஒன்றுகூட இல்லை. கல்யாணப் படத்தில் தலை குனிந்திருக்கிறாள். பிறகு எடுத்ததிலெல்லாம் ஃபிளாஷுக்குக் கண்ணை மூடியிருக்கிறாள். ஆதார் அட்டையில் இருப்பது யாரென்று அவளுக்கே தெரியாது. நீ எடுத்ததில் சிரித்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருக்கிறாள். வீடியோ காலில் உனக்கு அவள் நெற்றி மட்டும்தான் தெரிந்திருக்கும். பரவாயில்லை, நானே வரைந்துகொள்கிறேன் என்றேன். அப்போதுதான் சொன்னாள்:

“என் கண்ண நீங்க வரைய வேணாம். ஊர்ல செத்தவங்க அத்தன பேருக்கும் என் கண்ணத்தான வச்சி அனுப்புனீங்க. எனக்கு யாரு கண்ண வைப்பீங்க?”

உளறாதே என்றேன். அவள் சிரித்தாள். துறைமங்கலத்தில் ஒரு துக்க வீட்டுக்குப் போனபோது, சுவரில் இருந்த மீசைக்காரக் கிழவர் அவள் கண்ணாலேயே அவளை முறைத்தாராம். ஒப்பாரிக்கு நடுவில் சிரிப்பை அடக்க முடியாமல் கொல்லைப் பக்கம் ஓடினாளாம். இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொல்லியிருந்தால் வரைவதை விட்டிருப்பீர்கள் என்றாள்.

நான் நம்பவில்லை. பஸ் ஏறித் திருமானூருக்குப் போனேன். ஆண்டாயி என்ற கிழவிக்கு நான் செய்து கொடுத்த படம் இன்னும் அவர்கள் கூடத்தில் இருக்கிறது. பார்த்தேன். அடுத்த வீட்டிலும் ஒன்று, ஒரு வாலிபன். அவனையும் பார்த்தேன். இரண்டு பேரும் அவள் கண்ணாலேயே என்னைப் பார்த்தார்கள். இதைத் தப்பு என்று மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சொல்லித்தர ஆள் இல்லாதவன் எதிரில் இருக்கிற கண்ணைப் பார்த்துத்தான் பழகுவான். எதிரில் வர்ணம் கலந்துகொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள்.

இப்போது அவள் படத்தை வரைந்து கட்டிலுக்கு எதிரில் சாய்த்துவைத்திருக்கிறேன். உயிரோடு இருக்கும்போதே இதென்ன வேலை என்று லீலாவதி திட்டினாள். அம்மா பார்த்துவிட்டு மூக்கு பெரிசு என்றாள். சரிசெய்தேன். சேலை, மூக்குத்தி, நெற்றித் தழும்பு எல்லாம் முடிந்துவிட்டது. கண் இரண்டும்தான் வெறுமையாக இருக்கின்றன. சுதை வேலையிலும் கண்ணைக் கடைசியில்தான் திறப்பேன். ஆனால் இதை நான் திறக்கப்போவதில்லை. கை நடுங்குகிறது என்று நினைத்துவிடாதே, கை நன்றாகத்தான் இருக்கிறது. தனித் தாளில் வரைந்து பார்த்தேன். எப்படி வரைந்தாலும் செத்தவர்கள்தான் வந்து பார்க்கிறார்கள்.

நீ வந்து வரை. காமிரா கொண்டுவராதே, அவள் கண்ணை நேரில் பார்த்து வரை. விழியின் வெள்ளை இப்போது மஞ்சளாகிவிட்டது. அப்படியே வரைவதா, பழையபடி வெள்ளையாக வரைவதா என்று நீயே முடிவு செய். நான் குறுக்கே பேச மாட்டேன். பேசினாலும் நீ கேட்க வேண்டாம்.

அவளுக்குப் பேச்சு குறைந்துவிட்டது. காலையில் ஜன்னலில் வெளிச்சம் விழும்போது மட்டும் கொஞ்ச நேரம் விழித்து வாசலைப் பார்க்கிறாள். நேற்று அதுவும் குறைந்தது. சேலத்தில் இறங்கி ஆத்தூர் வழியாக வருகிற பஸ்ஸைப் பிடி. விடியும்போது இங்கே இருக்கிற மாதிரி கிளம்பு. மத்தியானம் வந்தால் கண் மூடியிருக்கும்.

பிரஷ்களைக் கழுவி வைத்திருக்கிறேன். சின்ன வயதில் நீ எடுத்து ஒளித்துவைத்த மெல்லிய பிரஷும் இருக்கிறது. நீ எத்தனை தொழில் செய்தாலும் அத்தனையிலும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
கடை வைத்திருந்த உன் அப்பா,
சிங்காரவேலு