ஒரு பாட்டில் போதும்

பாஸ்டன், நவம்பர் 1951

அன்பு அம்மா,

உன் முழங்கால் வலி தேவலையா? ஜார்ஜியாவில் குளிர் வந்துவிட்டதா? நான் நலம்.

இங்கே ஒரு வேடிக்கை. என் அறைத்தோழி ஹாரியட்டைப் பார்க்க அவள் அம்மா விடுதிக்கு வந்தார். வாசலில் நின்ற என்னிடம் கோட்டைக் கழற்றி நீட்டி, "ஏ பொண்ணு, இதை என் மக ரூம்ல வச்சிட்டு வா" என்றார். ஊர்ப் பழக்கம் போகுமா? "சரிங்கம்மா" என்று வாங்கிக்கொண்டேன். கதைகளில் நம் கறுப்பர்கள் படும் பாட்டைப் படித்து அழுகிற ஹாரியட், பக்கத்தில் நின்றும் வாய் திறக்கவில்லை.

மாலையில், "அம்மா அப்படித்தான், லுவெல்லா. மனசுல வச்சுக்காதடி" என்றாள். சிரித்துவைத்தேன்.

கம்பளிக் காலுறை அனுப்பு. பீச் ஜாம் வழக்கம்போல் இரண்டு பாட்டில் வேண்டாம். எனக்கு மட்டும் ஒன்று போதும். வகுப்புக்கு மணி அடித்துவிட்டது.

உன் லுவெல்லா