டச்சில் எழுதியவளுக்குத் தமிழில் ஒரு மடல்

குளிர் தொடங்குகிறதே என்று பழைய ஜாக்கெட்டை வெளியே எடுத்தேன். பைக்குள் கையை விட்டால் நீ தந்த கறுப்பு மிட்டாய் ஒன்று. நெதர்லாந்தில் இருந்து வரும்போதெல்லாம் பொதி பொதியாகக் கொண்டுவருவாய். உப்புக் கரிக்கும் அந்தச் சனியனை இனிப்பு என்று சொல்ல உன்னால்தான் முடியும். வாயில் போட்டுப் பார்த்தேன். இன்னமும் சகிக்கவில்லை. ஆனாலும் துப்ப மனம் வரவில்லை. இந்தக் குளிருக்கு நீ உயிரோடு இல்லை.

பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் அருகருகே இருந்தவர்கள் நாம். போர் என்னைக் கனடாவுக்கும் உன்னை நெதர்லாந்துக்கும் தள்ளியது. பகலில் கண்ணாடிக் கூடாரங்களுக்குள் தக்காளி பறித்தாய், மாலையில் அந்த நாட்டு மொழியைப் படித்தாய். பிறகு அந்த மொழியிலேயே கவிதை எழுதினாய், நாவல் எழுதினாய். அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு உன் பக்கங்களை வகுப்பில் பாடமாக வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்று, வேலையிடத்தில் கண்டவர் நின்றவர் எல்லோரிடமும் "அவள் என் சிநேகிதி" என்று சொல்லித் திரிந்தேன். வெட்கமே இல்லை எனக்கு.

இங்கே நம்மவர்களுக்கு மட்டும் ஒரு மனத்தாங்கல். தமிழில் எழுதாதவள் எப்படி நம் எழுத்தாளர் என்றார்கள். அதற்காகவே ஸ்காபரோவில் உன் நாவலுக்கு ஓர் அறிமுகக் கூட்டம் வைத்தேன். விளக்கேற்றல், வரவேற்புரை, முடியவே முடியாத தலைமையுரை எல்லாம் முறைப்படி நடந்தன. புத்தகத்தை அங்கே ஒருவரும் வாசித்திருக்கவில்லை, வாசிக்கவும் முடியாது. இருந்தும் வரிசையாக வந்து ஆய்வுரை நிகழ்த்தினார்கள். நீ சிரிப்பை அடக்க என் கையைக் கிள்ளிக்கொண்டே இருந்தாய்.

கேள்வி நேரத்தில் பின்வரிசையில் இருந்து ஓர் அண்ணை எழும்பினார்.

"பிள்ளை, உமக்குத் தமிழில எழுத வராதோ?"

நீ முன்வரிசையைப் பார்த்தாய். பக்கத்து நகரான ஸ்ரௌவ்வில்லில் உன் தம்பி வீட்டில் இருக்கும் உன் அம்மா அங்கே இருந்தார்.

"வரும் அண்ணை. தமிழில எழுதினா அம்மா வாசிப்பா. அம்மா வாசிப்பா எண்டு தெரிஞ்சா நான் உண்மையை மறைச்சுப்போடுவன்."

அந்த நாவல் உன் அம்மாவைப் பற்றியது என்று நீ சொல்லி எனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மகளை, முன்பின் தெரியாத ஏஜென்சிக்காரனோடு வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்ட ஒரு தாயின் கதை.

"அப்பிடியெண்டா இப்ப வாசி," என்றார் அம்மா. "தமிழில சொல்லு. கேக்கிறன்."

நீ டச்சுப் பக்கத்தைப் பார்த்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாய். உன்னை அனுப்பிய காலை, வழி நெடுக உனக்கிருந்த பயம், வருடக்கணக்காக அவர்மேல் நீ வைத்திருந்த கோபம், ஒன்றையும் விடவில்லை. வாசல் படலையில் நின்று அந்தத் தாய் அழுவதோடு அத்தியாயம் முடிந்தது. இனி இந்த இரண்டு பேரும் கதைப்பார்களா என்று பயந்தபடி நான் உன் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கோவம் சரி," என்றார். "அது உனக்கு இருக்கத்தான் வேணும். ஆனா நான் படலையில நிண்டு அழேல்லை. அழுதிருந்தா நீ போயிருக்க மாட்டாய்."

அடுத்த பதிப்பில் அந்த இடத்தைத் திருத்தி, அம்மா சொன்னதையே வரியாக வைத்தாய். முழு நாவலிலும் சிறந்த வரி அதுதான் என்று நெதர்லாந்தில் யாரோ எழுதினார்களாம். "அது அம்மா எழுதினது," என்று தொலைபேசியில் சொன்னாய். உன் புத்தகங்களுக்காக நீ ஒருநாளும் அப்படிப் பெருமைப்பட்டு நான் கேட்டதில்லை. எனக்கோ உங்கள் இரண்டு பேரையும் நினைத்துப் பெருமை.

நானும் எழுதுகிறவள்தான். சொந்தக்காரர் எல்லோரும் வாசிக்கிற மொழியில் எழுதுகிறவள். அந்த மாலைக்குப் பிறகு, யார் வாசிப்பார்களோ என்று பார்த்து நான் எதையும் விழுங்குவதில்லை. உன் கோபத்தை இந்த மடலிலும் அப்படியே எழுதியிருக்கிறேன். நாளைக்கு ஸ்ரௌவ்வில்லுக்குப் போய் இதை உன் அம்மாவின் கையில் கொடுப்பேன். பிழை இருந்தால் அவர் திருத்தட்டும்.