அந்தக் கட்டில் எனக்கு வேண்டாம், சேட்டய்யா

என் அன்புக்குரிய சேட்டய்யா,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ‘ழ’ போடுவதற்குள் கை வலிக்கிறது; என் பெயரிலேயே அது இருக்கிறது. இந்த வயதில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன் ஐயா. பஸ் போர்டை நானே படிக்கிறேன். மெட்ராஸ் என்று எழுதினால் முதியோர் வகுப்பு டீச்சரம்மா அதைக் கோடு போட்டு அடித்துவிட்டுச் சென்னை என்று திருத்துகிறார்.

அந்தச் சந்தோஷத்தைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் பயமாக இருக்கிறது. நாளைக் காலை எனக்கு வயிற்றில் ஆபரேஷன். அடையாறில் நீங்கள் கட்டிய இலவச ஆஸ்பத்திரியில்தான்.

எல்லாக் கட்டிலும் நிரம்பிவிட்டது. மிச்சம் இருப்பது ஜன்னலோரம் நீங்கள் எப்போதும் காலியாக வைக்கச் சொன்ன அந்த ஒன்றுதான். பிரிவினையில் கராச்சியை விட்டு ஓடிவந்து, சென்ட்ரல் ஸ்டேஷனில் காய்ச்சலோடு கேட்பாரற்றுக் கிடந்தீர்களாமே. பிறகு ஃபேன் கம்பெனி வைத்தீர்கள், எங்களுக்கு வேலை கொடுத்தீர்கள், இந்த ஆஸ்பத்திரியையும் கட்டினீர்கள். “அது காலியாவே இருக்கட்டும் ஏழுமலை, நம்மள் மாதிரி ஒருத்தன் வருவான்” என்பீர்கள்.

கட்டிலுக்கு மேலே உள்ள பலகையில் இருப்பது உங்கள் பெயர் என்றுதான் கம்பெனி ஆட்கள் நினைத்திருந்தோம். நீங்கள் போன பிறகு அதற்குப் பூ வைத்தோம், கற்பூரம் காட்டினோம். இன்று எழுத்துக் கூட்டிப் படித்தேன். ‘யாருமில்லாமல் வந்தவருக்கு’ என்று இருக்கிறது. ஏன் ஐயா, உங்கள் பெயரை எங்குமே போடவில்லை?

படித்த பிறகுதான் பயம் கூடிவிட்டது. உங்கள் பெயர் என்றால் நிம்மதியாகப் படுத்திருப்பேன். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளை குட்டி இல்லை. அந்தப் பலகைக்குக் கீழே படுத்தால், எனக்கு யாருமில்லை என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகாதா? அப்படிப் படுத்தவன் எழுந்திருப்பானா?

சாயங்காலம் சைதாப்பேட்டை நர்ஸ் கஸ்தூரி வந்து கேட்டாள். “ஆபரேஷன் அப்ப வெளில நிக்க யாரு கீறாங்க தாத்தா?”

உங்கள் பெயரைச் சொன்னேன்.

“செத்துப்போனவரு எப்டி நிப்பாரு? மயக்க மருந்தே இன்னும் குடுக்கல, அதுக்குள்ள இன்னா உளர்ற?”

பலகையில் இருப்பதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். என் பயம் அவளுக்குப் புரிந்துவிட்டது போல. “சரி, காலைல எனக்கு டூட்டி முடிஞ்சிடும். நான் நிக்கிறேன். பேத்தின்னு சொல்லிக்கிறேன், போ” என்றாள்.

எனக்கு ஆள் இருக்கிறது என்றால் அந்தக் கட்டில் எனக்கில்லை அல்லவா? அதைச் சொன்னதும் திட்டினாள். “கட்டிலு சும்மா கீது, நீ வராண்டா பெஞ்சுல படுப்பியா?” காலையில் ஒருவர் வீட்டுக்குப் போகிறாராம். அவர் கட்டில் எனக்குப் போதும். அதுவரை பெஞ்சுதான்; அதில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

கத்தியை நினைத்தால் இன்னமும் பயம்தான். கதவுக்கு வெளியே கஸ்தூரி நிற்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த வாரம் தையல் பிரித்ததும் முதல் வேலையாக உங்களுக்கு நாலு வரி எழுதிவிடுவேன். கடிதம் வராவிட்டால், நானே நேரில் வருகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கடிதமே வரட்டும், ஐயா.

உங்கள் கூடப்பிறக்காத தம்பி,
ஏழுமலை