பாயசத்துக்கு முன் எடுத்த இலை

மேனாம்பேடு
24-1-89

அன்பு மகன் ஜோசப்ராஜுக்கு,

அப்பா வேதமுத்து எழுதுவது. மாதா புண்ணியத்தில் நாங்கள் சுகம். துபாயில் இப்போது குளிராமே, ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறாயா? வேளைக்குச் சாப்பிடு.

உன் தங்கை ஜெயகுமாரியின் நிச்சயதார்த்தம் ஞாயிற்றுக்கிழமை நடந்தது. நடந்த கூத்தை எப்படி எழுதுவேன் போ.

போன கடிதத்தில் டெசர்ட் பற்றி எழுதியிருந்தாய் அல்லவா? சாப்பாட்டின் கடைசியில் வரும் இனிப்புக்கு அந்தப் பெயர், பிரெஞ்சுப் பேச்சில் மேசையைக் காலி செய்வது என்ற சொல்லிலிருந்து வந்தது, தட்டெல்லாம் எடுத்த பிறகுதான் கொண்டுவருவார்கள் என்று. எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. பார்த்தவர்களிடமெல்லாம் படித்துக் காட்டினேன். மாப்பிள்ளை வீட்டு ஆவடிக்காரர்கள் அசந்து போகட்டும் என்று நம் பந்தியிலும் அப்படியே செய்யச் சொன்னேன். இலையில் முதலில் இனிப்பு வைக்காமல் சோறு போடுவதா, புத்தி கெட்டுப் போச்சா உங்களுக்கு என்று உன் அம்மா கத்தினாள். கேட்டேனா?

மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்ததும் இலையின் ஓரத்தையே பார்த்தார்கள். மோர் முடிந்ததும், ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போதே இலைகளை எடுக்கச் சொன்னேன். அவ்வளவுதான். கிளம்பச் சொல்கிறான் என்று மொத்தப் பந்தியும் எழுந்து கை கழுவப் போய்விட்டது. உன் அம்மா பாயச வாளியோடு அப்படியே நின்றாள்.

நான் பின்னால் ஓடி டெசர்ட் கதையைச் சொன்னேன். மாப்பிள்ளையின் சித்தப்பா துபாயிலிருந்து லீவில் வந்திருக்கிறார். உங்கள் மகனுக்குத் தெரியாமலா, அவன் இருக்கும் ஓட்டலில் எச்சில் தட்டு எடுப்பதே அவன்தானே என்று சிரித்தார். நான் ஊரெல்லாம் நீ சூப்பர்வைசர் என்று சொல்லி வைத்திருந்தேனே! அவமானத்தில், நீங்கள் பார்த்தது யாரையோ, அது என் பிள்ளையே இல்லை என்று சாதித்தேன்.

ஜெயா பட்டுப்புடவையோடு வெளியே வந்து, அது எங்கள் அண்ணன்தான், எனக்கு எல்லாம் எழுதியிருக்கிறான் என்றாள். மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! தட்டு எடுப்பதில் என்ன கேவலம், பெற்ற மகனையே இல்லை என்கிற வீட்டில் எப்படிப் பெண்ணெடுப்பது, அந்தப் பிள்ளை வரட்டும், பிறகு பேசலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஜெயா எனக்கு முகம் கொடுப்பதில்லை. கோயிலில் பூசைக்குப் போனால் பின்வரிசையில் நிற்கிறேன். நீ தட்டெடுத்து அனுப்பிய பணத்தில் போட்ட பந்தலிலேயே நின்றுகொண்டு உன்னை இல்லை என்றேனே, ராஜு. அந்த வெட்கம்தான் என்னைத் தின்கிறது.

எனக்காக வேண்டாம், உன் தங்கைக்காக ஈஸ்டருக்குள் ஒருமுறை வந்துவிட்டுப் போப்பா. மறுபடி பந்தி போடுவோம். முதல் இனிப்பை உன் கையால் வை. கடைசியில் எல்லோரும் எழுந்த பிறகு, இலைகளை நான் எடுக்கிறேன்.

ஆண்டவர் உன் கைகளை ஆசீர்வதிக்கட்டும்.

உன் அப்பா
வேதமுத்து