உன் இசைத்தட்டுகளுக்கு விலை கேட்டவர்கள்

உன் இசைத்தட்டு ஒன்று இப்போது மணி காட்டிக்கொண்டிருக்கிறது. ரேஸ்கோர்ஸ் பக்கம் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு கஃபேயில், கை கழுவும் இடத்துக்கு மேலே மாட்டியிருக்கிறார்கள். நடுத்துளையில் பேட்டரிக் கடிகாரத்தின் முட்களைப் பொருத்தி, கரும்பரப்பின் மேல் வெள்ளைப் பெயிண்டில் ஒரு டபரா டம்ளரை வரைந்து வைத்திருக்கிறார்கள். போன மாதம் டீம் லஞ்ச் என்று போயிருந்தேன். கை கழுவிவிட்டு நிமிர்ந்தால், எதிரே அது.

எப்படி அடையாளம் கண்டாய் என்று கேட்பாய். மஞ்சள் லேபிளில் நீல பால்பாயிண்ட் பேனாவால் ‘டெரன்ஸ்’ என்று எழுதியிருந்தது. உனக்கு முன்னால் அமெரிக்காவில் எங்கோ அதை வைத்திருந்தவனின் கையெழுத்து. அவனைப் பற்றி நாம் எத்தனை கதை கட்டியிருக்கிறோம்! யாரோ இரவல் வாங்கித் திருப்பித் தராமல் ஏமாற்றியிருக்கிறார்கள், அதனால்தான் பயல் பேர் எழுதி வைத்திருக்கிறான் என்பாய்.

மேனேஜரைக் கூப்பிட்டேன். தலைமுடியைக் கொண்டையாகக் கட்டிய இளைஞன்.

“தம்பி, இது எங்கிருந்து வந்துதுங்க?”

“உக்கடத்துல பழைய சாமான் கடையில எடுத்ததுங்க்கா. எங்க ஆர்ட்டிஸ்ட் செஞ்சது. நல்லா இருக்குதுங்களா?”

“இது என்னன்னு தெரியுமா உங்களுக்கு?”

“ரெக்கார்டுங்க்கா. இப்ப இதையெல்லாம் யாரு கேக்கறாங்க?”

நான் போட்ட சத்தத்தில் எங்கள் டீம் மொத்தமும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பையன் கெட்டவன் இல்லை. சுவரிலிருந்து கழற்றி, என் கையிலேயே கொடுத்தான். “டென்ஷன் ஆகாதீங்க்கா. வேணும்னா எடுத்துட்டே போங்க, காசெல்லாம் வேண்டாம்” என்றான். காசு வேண்டாம் என்றதுதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். பெயிண்ட் ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் இறங்கிக் காய்ந்துவிட்டிருந்தது. இனி எந்த ஊசியும் அதில் ஓடாது. திருப்பிக் கொடுத்துவிட்டு அந்த உக்கடம் கடை எது என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

அந்தத் தட்டை நீ எனக்கு முதன்முதலில் போட்டுக் காட்டிய சனிக்கிழமை நினைவிருக்கிறது. சரவணம்பட்டி அலுவலகத்துக்கு ஒரே கேபில் போய்வந்து பழகியவர்கள் நாம். அன்றுதான் பீளமேட்டில் உன் வாடகை வீட்டுக்கு வந்தேன். தலைக்கு மேல் விமானம் போகும்போதெல்லாம் நீ ஊசியைத் தூக்கிவிட்டு, சத்தம் அடங்கிய பிறகு திரும்ப வைத்தாய். கம்பெனி உன்னை அமெரிக்காவுக்கு அனுப்பியிருந்த குளிர்காலத்தில், மேல்வீட்டுக்காரர்கள் தரை அதிரப் பாட்டுப் போடுகிறார்கள் என்று சண்டைக்குப் போனவள், அங்கேயே உட்கார்ந்து கேட்டுவிட்டு, சாப்பிட்டும்விட்டு இறங்கி வந்த கதையைச் சொன்னாய். உன் ஹிப்ஹாப் அங்கே தொடங்கியது.

எனக்கு அந்த ஆங்கிலம் பாதிகூடப் புரியவில்லை. நீ நிறுத்தி நிறுத்திச் சொன்னாய். வேலை செய்யாத லிஃப்ட், இரண்டு வேலை பார்த்துவிட்டுப் படியேறி வரும் அம்மா, காரணமில்லாமல் வழிமறிக்கும் போலீஸ்.

“இதுல ஒருத்தராச்சும் ‘தப்பா நெனச்சுக்காதீங்க’ன்னு ஆரம்பிக்கறாங்களான்னு பாரு அம்மணி” என்றாய்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ சம்பள உயர்வு கேட்கப் போனாலும், உன் இருக்கையில் வேறொருவன் உட்கார்ந்திருந்தாலும், ‘தப்பா நெனச்சுக்காதீங்க’ என்றுதான் வாயைத் திறப்பாய். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு ‘ங்க’ போட்டு வளர்ந்தவர்கள் நாம். அதில் ஒரு அழகு இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டுக்குள், அந்தத் தட்டு சுற்றும் நேரத்தில் மட்டும், உன் தோள்கள் வேறு மாதிரி நிமிர்ந்திருந்தன.

விலை கேட்டேன். எல்லோரையும் போல நானும்தான் கேட்டேன்.

“கால் பவுன்” என்றாய், குரலைத் தாழ்த்தாமல்.

“ஏனுங் அம்மணி, போன்ல சும்மாவே வருமே!”

நீ கோபித்துக்கொள்ளவில்லை. போனில் அதே பாட்டைப் போட்டாய். முடிந்ததும் தட்டைப் போட்டாய். நடுவில் ஓரிடத்தில், தட்டில் பாடும் இளைஞர்களின் பேச்சுக்கு அடியில், ஒரு வயதான பெண்ணின் குரல் வார்த்தையே இல்லாமல் முனகிக்கொண்டு போனது. போனில் அது இல்லை. ஏதோ பழைய பாட்டிலிருந்து அனுமதி கேட்காமல் எடுத்துச் சேர்த்த குரல், பிறகு தகராறு வந்து, புதுப் பதிப்புகளில் அதை நீக்கிவிட்டார்கள் என்றாய். கேட்காமல் எடுத்தது தப்புதானே என்றேன்.

“தப்புதான். அந்தம்மாளுக்குச் சேர வேண்டியதக் கொடுத்திருக்கணும். கொடுக்காம, கொரலையே அழிச்சுப்போட்டாங்க. அதுல அந்தம்மாளுக்கு என்ன கெடைச்சுது சொல்லு? இந்தத் தட்டு ஒடைஞ்சுதுன்னா நம்ம ஊர்ல அந்தம்மா இல்ல. அதுக்குத்தான் கால் பவுன்.”

இதைவிட நல்ல காரணத்தை எந்த நகைக்கடையிலும் நான் கேட்டதில்லை. இப்போது அந்த அம்மாளின் மேல்தான் டபரா டம்ளர் வரைந்திருக்கிறார்கள்.

போன ஐப்பசியில், தலை வலிக்கிறது என்று மேசையில் சாய்ந்தாய். மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். ஆஸ்பத்திரியில் நீ கண் திறக்கவே இல்லை. அந்த வாரத்தைப் பற்றி எழுத என்னால் முடியாது.

காரியத்தன்று காரமடையில் உன் அண்ணன் வீட்டில் நடந்ததை எழுத முடியும். உங்கள் வீட்டுத் தெலுங்கு எனக்கு அரைகுறைதான், ஆனால் ‘ரெக்கார்டு’ என்ற சொல் எல்லா மொழியிலும் ஒன்றுதானே. பந்தலில் பந்திக்குப் பந்தி அதுதான் பேச்சு. உன் அண்ணி என்னிடம் தமிழிலேயே சொன்னார்: “கல்யாணம் காச்சின்னு ஆயிருந்தா கையில நாலு காசு நின்னிருக்குமுங்க. பாட்டுத் தட்டுல கொண்டுபோய்க் கொட்டிப்போட்டா.” சுற்றியிருந்தவர்கள் ‘உச்’ கொட்டினார்கள். நீ போனதற்கு அல்ல, காசு போனதற்கு.

அந்தப் பந்தலுக்குப் பின்னால் உன் அண்ணனுடைய ரேக்ளா காளைகள் நின்றிருந்தன. பருத்திக்கொட்டை, பேரீச்சம்பழம், மாதாமாதம் மாட்டு வைத்தியர், பார்த்துக்கொள்ள ஓர் ஆள், பந்தயத்துக்குக் கொண்டுபோக வண்டி. அழகான காளைகள்தான், நானே போய்த் தடவிக் கொடுத்தேன். அவற்றுக்கு என்ன செலவு என்று அங்கே ஒருவராவது கேட்டார்களா? கேட்கமாட்டார்கள். ஆண்பிள்ளை காளைக்குச் செலவழித்தால் வீட்டுக்குக் கௌரவம். கல்யாணத்துக்கு ஒரு நாள் கூத்தாக மண்டபம் பிடித்து, பாதி சாப்பாட்டைக் கொட்டினால் அந்தஸ்து. ஒரு பெண், தான் சம்பாதித்த காசில், தனக்குப் பிடித்த ஒன்றை வாங்கிக் கேட்டால் மட்டும் அது ‘கொட்டிப்போட்டது’.

அன்றைக்கு அவர்களிடம் சொல்ல நினைத்துத் தொண்டை வரை வந்ததையெல்லாம் நல்லவேளை நான் சொல்லவில்லை. நீ கார் வாங்கவில்லை, ஊர் சுற்றவில்லை, அப்பாவின் ஆபரேஷனுக்கு நீதான் கொடுத்தாய் என்று பட்டியல் போட்டிருப்பேன். யோசித்தால் அதுவும் தப்பு. நீ சிக்கனமாக இருந்ததால்தான் உனக்குத் தட்டு வாங்கும் தகுதி வந்ததா? ஊதாரியாகவே இருந்திருந்தாலும் அது உன் சம்பளம். நியாயம் சொல்ல வேண்டிய இடத்தில் உன்னை ஏன் நிறுத்த வேண்டும்?

பீளமேட்டு வீட்டைக் காலி செய்த அன்று நானும் போனேன். உன் அண்ணன் குட்டியானை வண்டியோடு வந்திருந்தார். “ஏனுங்ணா, இந்த ரெக்கார்டுகளை மட்டும் நான் எடுத்துக்கட்டுங்களா?” என்று கேட்டேன். “அவ பொருளுங்க, ஊட்டோட இருக்கட்டுமுங்க” என்றார். அந்தப் பதிலில் எனக்கு மரியாதைகூட வந்தது. தங்கையின் நினைவாக வைத்துக்கொள்ளப் போகிறார் என்று நம்பி, நானே பெட்டிகளைத் தூக்கி வண்டியில் ஏற்றினேன். கட்டிலும் பீரோவும் காரமடை போயின. பெட்டிகள் உக்கடத்தில் இறங்கியிருக்கின்றன.

அந்தக் கடை பாயிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். இது எப்பேர்ப்பட்ட பொருள் தெரியுமா, வெளிநாட்டில் இதற்கு என்ன விலை தெரியுமா, வரி கட்டி, தபாலில் உடையாமல் வர வேண்டுமே என்று சாமி கும்பிட்டு வாங்கியது தெரியுமா என்று மூச்சு விடாமல் பேசினேன். மனிதர் பொறுமையாகக் கேட்டார். உள்ளே போய் மிச்சமிருந்த ஒரு பெட்டியைத் தூக்கிவந்து வைத்தார். பிறகு ஒரு விலை சொன்னார். எனக்குத் தலை சுற்றியது.

“இதை நீங்க எடைக்குத்தானே வாங்குனீங்க?”

“எடைக்கு வாங்குனத எடைக்குத்தான் விக்கணுமாம்மா? எனக்கு இது என்னன்னே தெரியாம இருந்துச்சு. நீங்கதான் இவ்வளவு நேரம் அதோட மதிப்பச் சொன்னீங்க. நீங்களே சொல்லிட்டு நீங்களே கொறைக்கச் சொன்னா எப்புடிம்மா?”

பேரம் பேச வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டேன். கோபத்தில் காது சூடாகியது. ஆனால் யோசித்துப் பார், நீ போன பிறகு உன் தட்டுகளுக்கு விலை உண்டு என்று ஒத்துக்கொண்ட முதல் ஆள் அவர்தான். அவரிடமா குறைத்துக் கேட்பது? வளையலுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த பணத்தை அப்படியே போனில் அனுப்பிவிட்டு, பெட்டியை ஆட்டோவில் ஏற்றினேன்.

என் வீட்டுக்காரர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “எதுல போட்டுக் கேப்பே?” என்றார். எங்கள் வீட்டில் அதற்கான கருவியே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருவரும் சிரித்துவிட்டோம். பிறகு அவர் நிதானமாக இன்னொன்று கேட்டார்: “உன்ற ஃப்ரெண்டுக்காக வாங்குனே, சரி. இந்தப் பாட்டு உனக்குப் புடிக்குமா?”

இத்தனை பேரோடு மல்லுக்கு நின்றேனே, இதை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. புதிதாகவே ஒரு பிளேயர் வாங்கி, ஒரு வாரம் பெட்டியிலிருந்ததையெல்லாம் போட்டுக் கேட்டேன். சிலது பிடிக்கவில்லை. பெண்களைப் பற்றி அதில் சிலர் பேசும் பேச்சுக்கு நீயும் பல்லைக் கடிப்பாய். ஆனால் மற்றவை பிடித்திருந்தன. உனக்காக இல்லை, எனக்கே பிடித்திருந்தன.

அதற்குள் உன் அண்ணனைப் போனில் கூப்பிட்டு, கடிகாரத்தைப் பற்றியும் நான் கொடுத்த விலையைப் பற்றியும் சொல்லியிருந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்துவிட்டார்.

“இவ்வளவு வெலை போகும்னு தெரிஞ்சிருந்தா நாங்களே பாத்துக் கொடுத்திருப்போமுங்க. மிச்சமிருக்கறத நாம பேசி ஒரு…”

“பேசலாமுங்ணா. மொதல்ல ஒண்ணக் கேளுங்க” என்று ஊசியை வைத்தேன்.

ஒரு பக்கம் முழுக்கக் கேட்டார். “இதுல பாட்டே இல்லீங்களே. பேசிக்கிட்டே இருக்கறான். யாரு மேலயோ ரொம்பக் கோவமா இருக்கறானுங்க.”

“ஆமாங்ணா.”

தட்டின் உறையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, “அவ இதக் கேட்டுட்டு என்னங்க பண்ணுவா?” என்றார்.

சொன்னேன். சமையலறையில் சப்பாத்திக் கட்டையை மைக்காகப் பிடித்துக்கொண்டு, கூடவே வரிக்கு வரி சொல்லுவாய், மாவு மூக்கில் இருக்கும், மூச்சு வாங்கி நடுவில் விட்டுவிட்டுச் சிரிப்பாய் என்று சொன்னேன்.

“சிரிப்பாளுங்களா?” என்றார். “எங்க ஊட்டுல அவ சத்தமே கேக்காதுங்க.”

தட்டுகளைப் பற்றி அவர் மறுபடி பேசவில்லை. காபியைக் குடித்துவிட்டு, “வாரேனுங்க” என்று எழுந்தார். ஆறுதலாக நானும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கேட்காதது யார் குற்றம் என்று அவருக்கே தெரியட்டும் என்று கதவைச் சாத்தினேன். அந்தக் கோபத்தை விட்டுவிடு என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். விட்டுவிட எனக்கு மனமில்லை. அதை வைத்துக்கொண்டுதான் அலுவலகத்தில் இப்போது நேராகப் பேசுகிறேன்.

நேற்று ஒரு பார்சல் வந்தது. நானே தேடி, நானே வாங்கிய முதல் தட்டு. இளம்பெண் ஒருத்தி, தன் ஊரில் தண்ணீர் வராததைப் பற்றியும் தன் முதலாளியைப் பற்றியும் பேசுகிறாள். என்ன விலை என்று இவர் கேட்டார். சொன்னேன். மின்விசிறியைச் சற்று நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, “சரி, போடு” என்றார்.

இரண்டாவது பக்கம்தான் அருமையாக இருக்கிறது. முதல் பக்கம்தான் என்று நீ சண்டைக்கு வந்திருப்பாய். ஆனால் இது நீ போன பிறகு வெளியான தட்டு. இதை நீ கேட்கவே இல்லை. அது அநியாயம். மற்ற எல்லாவற்றுக்கும் யாரிடமாவது போய்ச் சத்தம் போட்டுவிட்டேன். இதற்கு யாரிடம் போவது என்றுதான் தெரியவில்லை.